பெரட்டுக்கு வந்த கிளி

கிளிக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர்கள் எங்கள் பக்கம் நூறு பேர் இருப்பார்கள். பறக்கக் கற்றுக்கொடுத்தவள் நான் ஒருத்திதான். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். கிளிக்கு அதைப் போய் யாராவது சொல்லித்தர வேண்டுமா என்கிறார்கள். அவர்கள் என் கிளியைப் பார்த்ததில்லை. எட்டு வயதில், ஒருவர் உதவியும் இல்லாமல், நான் செய்து காட்டிய காரியம் அது. பெருமையடித்துக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அதில் எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது.

இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைப் பக்கம் கோப்பி அழிந்து தேயிலை வந்திருந்த காலம். பழைய கோப்பிக் கட்டைகள் இன்னும் அங்கங்கே மண்ணை விட்டு நீட்டிக்கொண்டிருக்கும். ஓடும்போது காலைப் பதம் பார்க்கும். தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடான எங்கள் லயத்தின் கடைசி அறையில் அப்பா, அம்மா, அண்ணன், நான் என்று நான்கு பேர். அந்த வருஷம் புதிதாக ஒரு மலையில் தேயிலை போடுவதற்காகக் காடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாலை அப்பா வேலை விட்டு வரும்போது கம்பளியை நெஞ்சோடு சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். வெட்டிச் சாய்த்த மரத்தின் பொந்தில் மூன்று குஞ்சுகள் இருந்தனவாம். இரண்டு, மரம் விழுந்த வேகத்திலேயே செத்துவிட்டன. மிச்சம் இது என்று கம்பளியைப் பிரித்துக் காட்டினார்.

அதைக் கிளி என்று சொல்ல எனக்கே மனசு வரவில்லை. தோல் தெரிந்தது. பச்சை அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்திருந்தது. உடம்பு முழுவதையும் விட வாய் பெரிதாக இருந்தது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களை அதட்டியது.

"இதக் கொண்டாந்து என் தலையில கட்டாதீங்க" என்றாள் அம்மா. "நான் கொழுந்தெடுக்கப் போவேனா, இதுக்கு ஊட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பேனா?"

"நான் ஊட்டுறேன்" என்றேன். அந்த ஒரு வார்த்தையோடு கிளி என்னுடையதாகிவிட்டது. சின்னி என்று பெயர் வைத்தேன். சோற்றைக் குழைத்து விரல் நுனியில் வைத்து ஊட்டினேன். இரண்டு மாதத்தில் சின்னி பச்சைப்பசேல் என்று ஆகி, தோளில் சிவப்புத் தீற்று விழுந்து, பார்ப்பவர்கள் நின்று பார்க்கிற அழகாக வளர்ந்துவிட்டது. நல்ல சோறு ஊட்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானாகவே எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.

லயத்தில் கிளி வளர்ப்பது புதிதல்ல. நாலைந்து வீட்டு வாசலில் கிளி இருந்தது. ஆனால் எல்லாம் இறக்கை வெட்டிய கிளிகள். இறகு முற்றியதும் கத்தரிக்கோலை வைத்து ஒரு பக்கத்தை நறுக்கிவிடுவார்கள்; அதற்குப் பிறகு அது அந்த வாசலோடு கிடக்கும். என் கிளிக்கும் அந்த நாள் வந்தது. அம்மா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் கிளியைப் பாவாடைக்குள் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்து லயமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

"வெட்டாம வுட்டா ஒரு நாளைக்குக் காட்டுக்கு ஓடிரும்டி. அப்பறம் நீதான் அழுவ."

"ஓடாது. பறந்து போயிட்டுத் திரும்பி வரும். நான் பழக்குவேன்."

அண்ணன் அப்போது கொள்ளி மாதிரி உள்ளே வந்தான். என்னை விட மூன்று வயது மூத்தவன். என் சந்தோஷத்தில் மண் அள்ளிப்போடுவதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டிருந்தவன். "பறந்து போனா வராது. வந்துச்சுன்னா ஒரு மாசத்துக்கு ஒன் தண்ணியயும் நானே தூக்குறேன்" என்றான். பீலியிலிருந்து, அதாவது மலையோரத்தில் மூங்கில் வைத்துத் தண்ணீர் விழும் இடத்திலிருந்து, ஆளுக்கு இரண்டு குடம் எடுப்பது எங்கள் வேலை. வராவிட்டால் அவனுடைய தண்ணீரை நான் தூக்க வேண்டும். சரி என்றேன். அம்மா கத்தரிக்கோலைப் பெட்டியில் போட்டுவிட்டு, "என்னமோ பண்ணித் தொலைங்க" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

இவ்வளவு வீறாப்புப் பேசிய பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. சின்னிக்குப் பறக்கிற எண்ணமே இல்லை. கண் திறந்த நாளிலிருந்து அது பார்த்ததெல்லாம் நடக்கிறவர்களைத்தான். அதனால் அதுவும் நடந்தது. காலை அகட்டி வைத்து, நெஞ்சை நிமிர்த்தி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மலை பார்க்கிற கங்காணி மாதிரி என் பின்னாலேயே லயக்கோடி வரை நடந்து வரும். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். "ஒன் கிளி காட்டுக்குப் போகாதுடி. போனாலும் ஒத்தயடிப் பாதையிலதான் போகும்."

நான் விடவில்லை. அம்மிக்கல் மேல் அதை வைத்து, ஒரு சாண் தள்ளிப் பச்சைமிளகாயை நீட்டினேன். அது கழுத்தை நீட்டியது, எட்டவில்லை, இறங்கி நடந்து வந்து வாங்கிக்கொண்டது. கவிழ்த்து வைத்த மண்ணெண்ணெய்த் தகரத்தின் மேல் வைத்தேன். இறங்க முடியாமல் என்னைத் திட்டியது. அதற்கு முன்னால் நின்று, என் இரண்டு கையையும் விரித்து அடித்து, இப்படி, இப்படி என்று குதித்துக் காட்டினேன். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கிளி ஒரு கண்ணால் அவர்களையும் ஒரு கண்ணால் என்னையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. மறுநாளும் குதித்தேன்.

பதினைந்து இருபது நாள் இப்படிப் போயிருக்கும். ஒரு மத்தியானம் மிளகாய்க்காக எட்டி எட்டி, தகரத்தின் விளிம்பில் கால் வழுக்கி, சின்னி கீழே விழுந்தது. விழுந்தது ஆனால் தரைக்கு வரவில்லை. படபடவென்று ஒரு சத்தம். என்ன நடந்தது என்று அதற்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அடுத்த நிமிஷம் அது என் தலைமயிரைப் பற்றிக்கொண்டு உச்சந்தலையில் உட்கார்ந்திருந்தது. நகம் கீறி நெற்றியில் ரத்தம் வழிந்தது. நான் அப்படியே லயம் முழுக்க ஒவ்வொரு வாசலாகப் போய் நின்று காட்டினேன். தலையில் கிளியோடும் முகத்தில் ரத்தத்தோடும் நின்ற என்னைப் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு. அன்றைக்கு இருந்த சந்தோஷம் பிற்பாடு என் கல்யாணத்தன்று கூட எனக்கு இருந்ததில்லை.

பறக்க வந்துவிட்டது. இனி திரும்பி வரவைக்க வேண்டும். அதற்கு ஒரு சத்தம் தேவைப்பட்டது. பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்றால், லயத்தில் நாள் முழுக்க யாராவது யாரையாவது கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். சீழ்க்கை அடிக்க எனக்கு வராது. யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த சத்தங்களிலேயே பெரிய சத்தம் என் அப்பாவினுடையது.

அப்பாதான் தோட்டத்தில் தப்பு அடிப்பவர். சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, பெரட்டுக்கு ஓர் அடி. காலையில் எல்லோரும் களத்தில் வரிசையாக நின்று, கங்காணி ஆள் பார்த்து வேலை பிரித்துவிடுவதுதான் பெரட்டு. கோழி கூவும் நேரத்துக்கு அப்பா எழுந்து, அடுப்பில் மிலாறைப் போட்டு, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற அந்தக் காய்ந்த குச்சியின் தீயில், தப்பின் தோலைக் காய்ச்சுவார். விரலால் சுண்டிப் பார்ப்பார். பிறகு மேட்டிலிருந்த பெரட்டுக்களத்துக்குப் போய்ப் பாறைமேல் நின்று அடிப்பார். நிறுத்தி இரண்டு, விரைந்து மூன்று. நிறுத்தி இரண்டு, விரைந்து மூன்று. இரண்டு பக்கத்துப் பள்ளத்துக்கும் கேட்கும். அந்த அடிக்கு எழுந்து வராத ஆள் எங்கள் தோட்டத்தில் கிடையாது. அதைத் தினமும் பார்த்தவள் நான். ஆகவே அதையே எடுத்துக்கொண்டேன்.

தகரத்தில் இரண்டும் மூன்றும் தட்டுவேன். வந்தால் மிளகாய். வராவிட்டால் இல்லை. முதலில் அம்மியிலிருந்து வந்தது. பிறகு வாசல்படியிலிருந்து. பிறகு கூரையிலிருந்து. லயத்தின் இந்தக் கோடியில் நான் தட்டினால் அந்தக் கோடியிலிருந்து நேர்க்கோடாக வந்து தோளில் இறங்கும். பிறகு பீலியிலிருந்து வந்தது. அதற்கும் கீழே ஓடைப் பாலத்திலிருந்து வந்தது. சில நாள் மிளகாய் தீர்ந்துவிட்டிருக்கும், அப்போதும் வந்தது. இரவில் நரி, பூனைக்குப் பயந்து அதைக் கொழுந்துக்கூடையால் மூடி வைத்திருப்போம். அப்பா களத்தில் பெரட்டுத் தப்பு அடித்ததும் கூடைக்குள் அது அடித்துக்கொள்கிற அடியைப் பார்க்க வேண்டுமே! அம்மா தலைமயிரை முடிந்துகொண்டே, "இரு, நானும்தான் கெளம்பிக்கிட்டு இருக்கேன்" என்று கூடையைப் பார்த்துச் சொல்வாள்.

மாலையில் வேலை விட்டு வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு தடவை கங்காணியே நின்று பார்த்தார். "கெட்டிக்காரப் புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "இது லயத்துக்குள்ள சுத்துற சுத்து. காட்டுக் கிளிக்கூட்டம் ஒரு நா கூப்பிடட்டும், அப்பப் பாக்குறேன் ஒன் தகரத்த."

கூப்பிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிய பிறகு. ஓடைக்கு அப்பால், எதிர் மலையின் மிச்சக் காட்டில் ஏதோ பழம் பழுத்திருக்க வேண்டும். காட்டுக் கிளிகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு லயத்துக்கு மேலாகப் போயின. கூரையில் உட்கார்ந்திருந்த சின்னி தலையைச் சாய்த்துக் கேட்டது. ஒரு பதில் கத்தல். அவ்வளவுதான். என்னைப் பார்த்து நடக்கக் கற்ற கிளி, நான் பறக்கக் கற்றுக்கொடுத்த கிளி, கூட்டத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போய்விட்டது.

தகரத்தை எடுத்துத் தட்டினேன். தகரம் நெளிகிற வரை தட்டினேன். எதிர் மலையில் கிளிகளின் கூச்சல்தான் கேட்டது. அண்ணன், "போச்சா?" என்று ஆரம்பித்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். அவன் வாயை மூடியதும்தான் உண்மையாகவே போய்விட்டது என்று எனக்குப் பட்டது. மூன்று குஞ்சில் பிழைத்த ஒன்று. நாலு மாதமாக என் தோளிலேயே வளர்ந்தது. அதற்கு என் சத்தம் எட்டவில்லை; எட்டியிருந்தால் வந்திருக்கும். தகரத்துக்கு அவ்வளவுதான் சக்தி.

எட்டுகிற சத்தம் ஒன்று உள்ளே ஆணியில் தொங்கியது.

அப்பா மரத்தடியில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார். அம்மா பீலியில் தலை முழுகிக்கொண்டிருந்தாள். பொம்பிளைப் பிள்ளை தப்பைத் தொடக்கூடாது என்பது எனக்குத் தெரியும். இறக்கினேன். தோல் தொய்வாக இருந்தால் சத்தம் எழும்பாது என்பதும் தெரியும். அடுப்பில் மிலாறைப் போட்டுக் காய்ச்சினேன். அப்பா செய்வதுபோல் சுண்டிப் பார்த்தேன். மேட்டுக்கு ஓடினேன். பாறைமேல் ஏறினேன். கண்ணை எதிர் மலையில் வைத்துக்கொண்டு அடித்தேன். நிறுத்தி இரண்டு, விரைந்து மூன்று. என் கைக்கு அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

எவ்வளவு நேரம் அடித்தேன் என்று தெரியாது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டபோது கூடத் திரும்பவில்லை. மூச்சு வாங்க ஒரு தடவை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். களம் நிறைந்திருந்தது.

எல்லோரும் வந்திருந்தார்கள். ஈரத்தலையில் துணி சுற்றிய பெண்கள், அம்மாவும் அவர்களோடு. பாதிச் சோறு தின்ற கையோடு ஆம்பிளைகள். பிள்ளை பெற்றுப் பத்து நாளான ஒருத்தி குழந்தையை மார்போடு போட்டுக்கொண்டு. மூன்று நாளாகக் குளிர்காய்ச்சலில் கிடந்த பக்கத்து அறைச் சித்தப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி. யாரும் கும்பலாக நிற்கவில்லை. அவரவர் இடத்தில், வரிசையாக நின்றார்கள். ஒரு பக்கம் மழித்து ஒரு பக்கம் மழிக்காத முகத்தோடு என் அப்பா கடைசியாக மேடேறி வந்துகொண்டிருந்தார்.

"தொரை வரச் சொன்னாரா?"

"தேயிலை ஸ்டோர்ல தீயா?"

கங்காணி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். வந்தவர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. வரிசையைத்தான் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரலை நீட்டி எண்ணி முடித்துவிட்டு, "எல்லாரும் இருக்காங்க" என்றார். அதற்குப் பிறகுதான் அவருக்கே ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "யாரு தப்படிச்சது?" என்று கத்தினார்.

எனக்கு அதைக் கேட்க நேரமில்லை. எதிர் மலையிலிருந்து ஒரு பச்சைப் புள்ளி கிளம்பியிருந்தது. நான் பார்த்த பக்கமே எல்லோரும் பார்த்தார்கள். அது ஓடையைத் தாண்டியது. லயத்தைத் தாண்டியது. பின்னால் கூட்டம் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக வந்து, அத்தனை பேர் தலைக்கும் மேலாகப் பறந்து, என் கையிலிருந்த தப்பின் விளிம்பில் உட்கார்ந்து, மிளகாய் எங்கே என்று என்னைப் பார்த்தது.

பிறகு காய்ச்சல்காரச் சித்தப்பாதான் ஆரம்பித்து வைத்தார். "கங்காணி ஐயா, அதையும் எண்ணிக்குங்க. பெரட்டுக்கு வந்துருச்சு."

களம் சிரித்தது. அப்பாவின் பாதி முகத்தைப் பார்த்து இன்னும் சிரித்தது. கங்காணிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. என் கையிலிருந்து தப்பைப் பிடுங்கினார். சின்னி என் தோளுக்குத் தாவியது.

"தொரை பதுளைக்குப் போயிருக்காரு, தப்பிச்சீங்க. இருந்திருந்தா நான் என்னா பதில் சொல்றது? இனிமே இது என் வூட்டுல இருக்கட்டும். தெனம் வந்து கேட்டு வாங்கிட்டுப் போ" என்றார் அப்பாவைப் பார்த்து.

"சின்னப் புள்ள, தெரியாம செஞ்சிருச்சுங்க" என்றார் அப்பா, கையைக் கட்டிக்கொண்டு.

அம்மா என் பக்கத்தில் வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அடிக்கத்தான் வருகிறாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவள் கிளியைத்தான் பார்த்தாள். "காடு வரைக்கும் போயிட்டியே கழுதை, எதுக்குடி வந்த?" என்றாள். அம்மா அதைச் சிரிக்காமல் சொன்னாள். பக்கத்தில் நின்றவர்களின் சிரிப்பும் குறைந்தது. சிரிப்பு அடங்குவது வரிசையில் மெல்லப் பரவியது. ஒருவர் பின் ஒருவராக ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்ததற்காக என்னை ஒருவரும் ஒரு வார்த்தை திட்டவில்லை.

அப்பாவும் நானும் கடைசியாக இறங்கினோம். பாதி வழியில் அவர் நின்று கிளியைப் பார்த்தார்.

"கால்ல கயிறு ஏதாச்சும் கட்டியிருந்தியா?"

"இல்லப்பா."

"றெக்கய எப்பவாச்சும் வெட்டுனியா?"

"தொடவே இல்ல."

"அங்குட்டு காடு இருந்துச்சு. அது சாதிசனம் அம்புட்டும் இருந்துச்சு. அப்பறம் ஏன் புள்ள வந்துச்சு?"

இதைக் கேட்கத்தானே நாலு மாதமாகக் காத்திருந்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "நான் பழக்கியிருக்கேன்ல! அந்த அடி கேட்டா அதால வராம இருக்க முடியாது."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். மழிக்காத பக்கத்துக் கன்னத்தைத் தடவிக்கொண்டார். எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார். லயம் வந்து சேர்கிற வரை அவர் பேசவே இல்லை.

அண்ணன் ஒரு மாதம் என் தண்ணீரைத் தூக்கினான். சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் விடியற்காலையில் அப்பா கங்காணி வீட்டு வாசலில் நின்று தப்பை வாங்கிக்கொண்டு போய் அடித்தார். நிறுத்தி இரண்டு, விரைந்து மூன்று. கூடைக்குள் சின்னி அடித்துக்கொண்டது. அம்மா கிளம்பினாள். லயத்தில் கதவுகள் வரிசையாகத் திறந்தன. நான் படுத்தபடியே கேட்டுக்கொண்டு, அப்பா நேற்று ஏன் பேசாமல் வந்தார் என்பதற்குக் காரணம் கண்டுபிடித்தேன். தன் மகள் ஒரு கிளியை இவ்வளவு நன்றாகப் பழக்கிவிட்டாளே என்று பெருமையில் அவருக்கு வாயடைத்துப் போயிருக்கிறது. மற்றவர்கள் பேசாமல் இறங்கிப் போனதும் அதனால்தான். வெகு நாள் வரை எல்லோரிடமும் நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.